வீட்டு ஆர்ஓ அனுபவம்: டிடிஎஸ் மீட்டர் வாங்கினதுக்கு அப்புறம் தெரிஞ்ச விஷயங்கள்

எங்க வீடு மேடவாக்கம் பக்கம், போர் தண்ணிதான், ஆர்ஓ வச்சு ஆறு வருஷமாச்சு. போன மாசம் அம்மா தண்ணி லேசா கரிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, எனக்கு வித்தியாசம் தெரியல, இருந்தாலும் டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு காட்டுறது) ஒண்ணு வாங்கி வச்சு பாத்தேன், உள்ள போற தண்ணி 1400, குடிக்கிற தண்ணி 390. சர்வீஸுக்கு வந்த தம்பி "குடிக்கிற தண்ணி 500க்குள்ள இருந்தா சரி, அதுக்குள்ளதான சார் இருக்கு"ன்னு வெளி ஃபில்டர் மட்டும் மாத்திட்டு போயிட்டாரு. மனசு கேக்கல. ஆர்ஓக்குள்ள உப்ப வடிகட்டுறது மெம்பரேன்ங்கிற சவ்வுதான், அது நல்லா இருந்தா உப்புல 90 சதவீதத்துக்கு மேல தடுக்கணும், கணக்கு போட்டா இது 72தான். சுவைக்காக பச்சத் தண்ணிய கொஞ்சம் கலந்து விடுற டிடிஎஸ் கன்ட்ரோலர மூடிட்டு பாத்தேன், அப்பவும் 350. மெம்பரேன் போச்சுன்னு உறுதியாச்சு, வேற மெக்கானிக் வச்சு மாத்தினேன், இப்ப 90 காட்டுது.

ஏன் போச்சுன்னா, ரெண்டு கோடையா போர் வத்தி லாரி தண்ணி ஏத்தினோம், குளோரின் வாடை தூக்கலா இருக்கும், அந்த நேரத்துல கார்பன் ஃபில்டர மாத்தாமலே விட்டுட்டேன். கார்பன் ஏதோ வாடைக்குன்னுதான் நெனச்சிருந்தேன். குளோரின் மெம்பரேன அரிச்சிரும், அது உள்ள போகாம பிடிக்கத்தான் கார்பன் முன்னாடி நிக்குது. சில நூறு ரூபா பாத்து பெரிய செலவுல மாட்டினேன், நீங்க அந்த தப்ப பண்ணாதீங்க.

வேஸ்ட் தண்ணி ஒரு குடத்துக்கு மூணு குடம் போகுது, பக்கெட்ல பிடிச்சு பாத்ரூமுக்கு ஊத்துறோம். டிடிஎஸ் 1800 கிட்ட இருக்கு, அதனால செடிக்கு மட்டும் வேணாம், எங்க கருவேப்பிலை காஞ்சே போச்சு.

கோவையிலிருந்து ஒருத்தர் எழுதினது:
எங்களுக்கு சிறுவாணி தண்ணிங்க, மீட்டர்ல 40 கூட தாண்டாது. ஆர்ஓ விக்க வந்தவரு ரெண்டு டம்ளர்ல கரண்டு கம்பி விட்டு காட்டினாரு, எங்க தண்ணி பழுப்பா கலங்கிருச்சு, அவரு கொண்டுவந்த ஆர்ஓ தண்ணி அப்படியே இருந்துச்சு, வீட்டுல எல்லாரும் பயந்துட்டாங்க. நான் அந்த ஆர்ஓ தண்ணில ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டு மறுபடி கம்பிய விடச் சொன்னேங்க. அது இன்னும் மோசமா சேறு மாதிரி ஆயிருச்சு. உப்பு இருந்தா கரண்டு ஓடும், கம்பில இருக்கற இரும்பு கரைஞ்சு வர்றதுதான் அந்த கலரு, அழுக்கே கிடையாது. இந்தத் தண்ணிக்கு ஆர்ஓ எதுக்குங்க, கிருமிக்கு காய்ச்சினாலே போதும். 500க்கு கீழ இருக்கற இடத்துல ஆர்ஓவ தடை பண்ணணும்னு பசுமைத் தீர்ப்பாயமே 2019ல சொல்லிருக்குங்க.

தர்மபுரியிலிருந்து இன்னொருத்தர் எழுதினது:
அந்த 500 கணக்க எங்க ஊர்ல நம்பாதீங்க. மீட்டர் மொத்த உப்பத்தான் காட்டும், ஃப்ளோரைட தனியா காட்டாது. எங்கப்பா பல்லுல இன்னும் ஃப்ளோரைடு தண்ணி குடிச்சு வந்த காவிக்கறை இருக்கு. 2013ல ஒகேனக்கல் தண்ணி வந்துச்சு, அது வராத நாள்ல போர்தான். லேப்ல குடுத்து பாத்தா போர் தண்ணில ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.8 மில்லிகிராம், ஆர்ஓ தண்ணிலயும் 1.2 இருந்துச்சு, 1க்குள்ள இருக்கணும். காரணம் அந்த கன்ட்ரோலர்தான், சுவை வரட்டும்னு பாதி திறந்து வச்சிருந்தாங்க, ஃப்ளோரைடும் கூடவே கலந்து வந்திருக்கு. முழுசா மூடிட்டு திரும்ப டெஸ்ட் எடுத்தேன், 0.2. சுவை கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கு, பிள்ளைங்க பழகிட்டாங்க.