தண்ணியில இருக்கிற நைத்திரேற்றுக்குப் போட்ட மப் (வரைபடம்) தோசை தோசையா வருகுது, ஆருக்கும் வழி தெரியுமோ?

கனகராயன் ஆத்தால வயல் யூரியா (46% நைதரசன்) சுண்டிக்குளம் களப்புக்கு எப்பிடிப் போகுது எண்டு மப்பில காட்டோணும், வலசைப் பறவையள் வாற இடம், 2015ல தேசியப் பூங்காவும் ஆக்கினது.

காலபோகத்தில இரணைமடுக் குளத்துக்குக் கீழ 14 இடத்தில நைத்திரேற்று அளக்கத் தண்ணி எடுத்தன். கியூஜிஐஎஸ் 3.34 எண்ட மப் மென்பொருளில ஐடிடபிள்யூ (கிட்டின புள்ளிக்குக் கூட மதிப்புக் குடுத்து இடைவெளியை நிரப்புற முறை) போட்டா ஒவ்வொரு புள்ளியச் சுத்தியும் தோசை சுட்ட மாதிரி வட்டம், ஒரு சொட்டுத் தண்ணி இல்லாத தரையும் சிவப்பு. அதில தூரத்துக்குக் குடுக்கிற பவரை 2ல இருந்து 4 ஆக்கினன், கிரிகிங் எண்ட மற்ற நிரப்பு முறையும் பாத்தன், அதே தோசைதான். சென்ரினல்-5பி செய்மதிப் படம் எண்டா ஒரு பிக்சலே 5.5 கிலோமீற்றர் நீளம் வரும், அதோட அது காத்தில இருக்கிறதைத்தான் அளக்கும். சென்ரினல்-2 பாப்பம் எண்டா மாரி முழுக்க முகில்.

ஆத்தோட்டம் போற பக்கமா, தண்ணி எல்லைக்குள்ள மட்டும் இந்த அளவுகளைப் பரவ விடுறது எப்பிடி?