ஓவர்லுக் ஓட்டல்: நாவலும் படமும் பிரியற இடத்துல உங்களை விடாம உறுத்துறது எது?

பாரூர்க்காரன்
ஸ்டீபன் கிங் எழுதின 'தி ஷைனிங்' நாவல், அதை வெச்சு ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படம், ரெண்டையும் முடிச்சவங்க மட்டும் வாங்க, கதைச்சுருக்கம் சொல்லப்போறதில்ல. 1977 நாவல்ல ஓவர்லுக் ஓட்டலோட பேய் அறை 217. 1980 படத்துல 237. படத்துல வெளிப்புறமா காட்டுறது ஆரிகன்ல இருக்கற டிம்பர்லைன் லாட்ஜ். 217-ன்னு காட்டினா அப்புறம் அந்த ரூம்ல ஆள் தங்க மாட்டாங்கன்னு லாட்ஜ்காரங்க சொன்னதால, அங்க இல்லவே இல்லாத 237-ஐப் போட்டாங்க. நம்பர் கிடக்கட்டும்.

நாவல்ல, குளிர்காலத்துல ஓட்டலைப் பார்த்துக்க வந்த ஜாக்கோட சின்னப் பையன் டேனி அந்த அறைக்குள்ள போய் குளியல் தொட்டித் திரையை விலக்குறான், ஊதின பொணம் எழுந்து உட்காருது. பின்னாடி ஜாக் போய்ப் பார்க்கும்போது தொட்டி காலி. திரும்பி நடக்கிறான், முதுகுக்குப் பின்னாடி திரை வளையம் கிறீச்சுங்குது. திறந்து கிடந்த திரை இப்ப மூடியிருக்கு, உள்ள ஏதோ உருவம். விலக்கிப் பார்க்காம வெளிய வந்து கதவைப் பூட்டுறான். உள்ளேயிருந்து கைப்பிடி இப்படியும் அப்படியும் திரும்புது. படத்துல டேனி உள்ள போறதையே காட்டல. ஜாக் போறான், பச்சைக் குளியலறையில இளம்பொண்ணு, கட்டிப்பிடிச்சதும் கண்ணாடியில அழுகின கிழவி. அது ஒரு தடவை தூக்கிப் போடுது, அவ்வளவுதான். நாவல்ல வந்த கைப்பிடி எனக்குள்ள இன்னும் திரும்பிக்கிட்டே இருக்கு.

ஓசூர் நர்சரி
எனக்குச் செடி மிருகங்கள். நாவல்ல வேலிச்செடியை வெட்டி சிங்கம், முயல், நாய்னு உருவம் பண்ணி வெச்சிருப்பாங்க. பார்க்கும்போது அசையாது, கண்ணை எடுத்தா ஒரு அடி கிட்ட வந்திருக்கும். எழுத்துல இதுக்குச் செலவே இல்ல. 1980-ல கேமராவுல எப்படிக் காட்டுவீங்க? அதான் படத்துல அதைத் தூக்கிட்டு வேலிப்புதிர், அதாவது செடிச்சுவருக்குள்ள வழி தொலையற சுத்துப்பாதை, வெச்சாங்க. 1997-ல டிவிக்கு எடுத்தப்ப கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்ல சிங்கத்தை நடக்க விட்டாங்க, சிரிப்புதான் வந்துச்சு. படத்துப் புதிர் பிளைவுட்ல பைன் கிளையை அடிச்சது, பனி உப்பும் நொறுக்கின தெர்மாகோலும். ஆரம்பத்துல மேலிருந்து ஓட்டலைக் காட்டுற ஷாட்டை நிறுத்திப் பாருங்க, புதிரே இருக்காது.

காவேரிப்பட்டணம் பாய்லர்
செடியெல்லாம் சரி. நாவல்ல ஜாக் பாய்லரைக் கவனிக்க மறந்து, அது வெடிச்சு ஓட்டலே எரியும். அதைத் தூக்கினதுதான் படத்தோட பெரிய பாவம். நாவல்ல முதல் நாளே ஓட்டல் பராமரிப்பு ஆள் வாட்சன் ஜாக்கிட்ட சொல்லிடறான்: பகல்ல ரெண்டு தடவை, படுக்கும் முன்னாடி ஒரு தடவை அழுத்தம் காட்டுற கேஜைப் பாரு, அழுத்தம் தானா ஊர்ந்து ஏறும். வெச்ச காலத்துல 250 தாங்குமாம், இப்ப 180 காட்டினா நான் பக்கத்துலயே நிக்கமாட்டேங்கறான். 180 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு)ன்னா நம்ம கேஜ்ல சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 12.6 கிலோ. நம்ம பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில ஓடுற சின்ன பாய்லர் பலதும் 10.54 கிலோவுக்கு டிசைன் பண்ணது, அதுக்குள்ளயே சேஃப்டி வால்வு தூக்கிடும். அந்த ஓட்டல் பாய்லர்ல தானா நிக்கிற ஏற்பாடே கிடையாது, அந்தச் சட்டமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி செஞ்சது.

நிஜத்துல பெரும்பாலும் வெடிக்க வைக்கிறது தண்ணிக் குறைவு. கேஜ் கிளாஸ்ல மட்டம் தெரியாமப் போகும், ட்யூப் பழுத்துக் கிடக்கும், அவசரத்துல பச்சைத்தண்ணியை பம்ப் பண்ணுவாங்க, முடிஞ்சுது. கிங் எழுதினது அது இல்ல, பாய்லரோட பழைய இரும்பு ஓடு இளைச்சுப்போய் அழுத்தத்துல கிழியறது. அதுவும் நடக்கக்கூடியதுதான். ஓடு கிழிஞ்சா ஆவியாகிற தண்ணி சுமார் 1,600 மடங்கு விரியும், கட்டடம் நிக்காது. கடைசியில ஜாக் உடம்புல புகுந்த ஓட்டல் பேய் ஓடிவந்து வால்வை முறுக்குது பாருங்க, அதுவே தப்பு. முதல்ல தீயை நிறுத்தணும், ஊதற ஃபேனை நிறுத்தணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விடணும். சட்டுனு திறந்தா உள்ள தண்ணி பொங்கி அடிக்கும்.

படத்துல பாய்லர் ரூம்ல பேனலைப் பார்க்கிறது யாரு? ஜாக்கோட மனைவி வெண்டி! ஜாக் ஒரு வேலையும் செய்யமாட்டான். அப்புறம் எங்க மறக்கிறது, எங்க வெடிக்கிறது? ஜாக் பனியில விறைச்சுச் சாகறதோட விட்டாச்சு.

அரூர் புளியந்தோப்பு
பாய்லர்காரரே, கோவிச்சுக்காதீங்க, அதைவிட முக்கியமானது குளவிக்கூடு. ஜாக் கூரை ஓடு மாத்தும்போது கொட்டு வாங்கறான், மருந்துப்புகை போட்டு, செத்துப்போச்சுன்னு கூட்டைப் புள்ளைக்கு விளையாடக் கொடுக்கறான். ராத்திரி அதுலேர்ந்து குளவி வந்து டேனி கையைக் கொட்டுது. படத்துல இது அறவே இல்ல.

பேய்வேலைன்னு நினைச்சுத் தாண்டிடாதீங்க, பாதி நிஜம். மருந்து வெளியில திரியற குளவியைக் கொல்லும். மேல மூடி போட்ட அறைக்குள்ள இருக்கற கூட்டுப்புழு தப்பிச்சுக்கும், பின்னாடி கடிச்சுக்கிட்டு வெளிய வரும். இரை தேடப் போனதும் சாயங்காலம் திரும்பும். அதனால புளி உலுக்கற பருவத்துல மரத்துல கதண்டுக் கூடு கண்டா, காஞ்ச கூடுன்னு யார் சொன்னாலும் கை வைக்காதீங்க. பகல்ல கல் எறியறது, மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தறது ரெண்டும் வேண்டாம். 101-க்குச் சொன்னா தீயணைப்புக்காரங்க இருட்டினப்புறம் வந்து எடுப்பாங்க. கொட்டிட்டா கொடுக்கைத் தேடி நோண்டாதீங்க. தேனீதான் விட்டுட்டுப் போகும், கதண்டு விடாது. ஐஸ் வைங்க. மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, ஏகப்பட்ட கொட்டு விழுந்திருந்தாலோ நேரா ஆஸ்பத்திரி. விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரெண்டு நாள் கழிச்சு மூத்திரம் குறைஞ்சா அதுதான் அறிகுறி. சுண்ணாம்பு தடவிட்டு உட்காராதீங்க.

பாரூர்க்காரன்
அண்ணே, கேட்டது சினிமா.

தர்மபுரி நைட்ஷோ
எல்லாரும் நாவல் பக்கமே சாயறீங்க. ஜாக் எழுதறேன்னு அடிச்சு வெச்ச டைப்ரைட்டர் காகிதம் நாவல்ல உண்டா? பக்கம் பக்கமா ஒரே வரி, ஒவ்வொரு பக்கத்துலயும் ஒவ்வொரு மாதிரி ஓரம் விட்டு அடிச்சிருக்கும். வெண்டி புரட்டப் புரட்ட அவ மூஞ்சியைப் பாருங்க. லிஃப்ட்லேர்ந்து ரத்தம் கொட்றதும் படத்துதான். நாவல்ல அந்த லிஃப்ட் ராத்திரி தானா ஓடும், உள்ள பார்ட்டிக் காகிதத்தூள் கிடக்கும். ஓட்டல் சமையல்காரர் ஹாலரன் நாவல்ல பிழைச்சு அம்மாவையும் புள்ளையையும் காப்பாத்திக் கூட்டிட்டுப் போறார். படத்துல அவ்வளவு தூரம் பனியில வந்து, உள்ள நுழைஞ்சதும் கோடாலி வெட்டு. கொடுமைதான், ஆனா அதுக்கப்புறம் யார் பிழைப்பாங்கன்னு சொல்லவே முடியல.

பாய்லர் சார், உங்க வெடிப்பு 2019-ல கிடைச்சாச்சு. இதோட தொடர்ச்சியான 'டாக்டர் ஸ்லீப்' படத்துல பெரியவனான டேனி ஓவர்லுக்குக்கே திரும்பிப் போய் பாய்லரை ஏத்தி விட்டுக் கொளுத்தறான். 2013 நாவல்ல ஓட்டலே கிடையாது, அது முதல் கதையிலயே எரிஞ்சுபோச்சு.

காவேரிப்பட்டணம் பாய்லர்
39 வருஷம் லேட். இருக்கட்டும். படத்து ஜாக் முதல் சீன்லயே பாதி பைத்தியமா இருக்கானே, அதுக்கு என்ன பதில்?

தர்மபுரி நைட்ஷோ
எந்தப் பிரிண்ட் பார்த்தீங்க சார்? அமெரிக்கப் பிரிண்ட் 144 நிமிஷம், ஐரோப்பாவுக்குப் போனது 119. குட்டைப் பிரிண்ட்ல டாக்டரம்மா டேனியைப் பார்க்க வர்ற காட்சி மொத்தமா போச்சு. அதுலதான் வெண்டி, ஜாக் குடிச்சிட்டுப் புள்ளையோட தோள்பட்டையை இழுத்துட்டார், அதோட குடியை விட்டுட்டார்னு சமாளிச்சுச் சொல்றா. நாவல்ல அதுவே கை முறிவு. அந்தக் காட்சியைப் பார்த்துட்டு அவனைப் பார்த்தீங்கன்னா வேற ஆளா தெரிவான். 144-ஐப் போட்டுப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் சண்டை போடலாம்.