மறு: ஐடியஸ்தீசியாவுக்கு என்ன சொல் வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு எழுத்தையோ ஒலியையோ உணரும்போது கூடவே நிறம் போன்ற இன்னொரு புலனுணர்வும் எழுவது சினெஸ்தீசியா. அந்த உணர்வை எழுப்புவது கருத்து, அதாவது பொருள், என்று சொல்வது ஐடியஸ்தீசியா. இரண்டாவதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது வந்த கேள்வி இது:

> சினெஸ்தீசியாவுக்குப் 'புலன்மயக்கம்' என்று வைத்துவிட்டால் இதற்கும் அதுவே போதாதா?

போதாது ஐயா. திணைமயக்கம், வேற்றுமை மயக்கம் என்று படித்தவர்களுக்கு மயக்கம் என்றால் கலப்பு. மற்றவர்களுக்குத் தலைசுற்றல்தான். எழுத்தை நிறத்தோடு பார்ப்பவர் நோயாளி அல்ல, தெளிவாகத்தான் பார்க்கிறார்.

அதைவிட முக்கியம், இரண்டு சொல்லும் சொல்வது வேறு வேறு. சினெஸ்தீசியாவில் உள்ள கிரேக்க 'சின்' என்பதற்கு 'கூட' என்று பொருள். ஒரு புலன் தூண்டினால் இன்னொன்றும் கூடவே வருகிறது. பிராங்க்பர்ட்டில் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் இருந்த டான்கோ நிகோலிச் அந்த விளக்கத்தையே மறுத்தார். நிறத்தை எழுப்புவது கண்ணில் படும் கோடு அல்ல, அதற்கு நாம் கொள்ளும் பொருள் என்றார். இதைத்தான் ஐடியஸ்தீசியா என்கிறார். அவர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் இருவருக்கு ஒவ்வொரு நீச்சல் முறைக்கும் ஒரு நிறம். தண்ணீரில் இறங்கவே வேண்டாம், யாரோ அப்படி நீந்தும் படத்தைப் பார்த்தாலே நிறம் வந்துவிடும்.

நம் எழுத்திலேயே இதை யோசித்துப் பார்க்கலாம். 'உ' என்று ஒரு தாளில் எழுதுங்கள். தாளின் தலைப்பில் இருந்தால் பிள்ளையார் சுழி. 'உப்பு' என்பதில் உயிரெழுத்து. பழைய கணக்கில் இரண்டு. வடிவம் ஒன்றுதான். ஆங்கில எஸ் என்றும் 5 என்றும் படிக்கக்கூடிய ஒரே வடிவத்தை ஆய்வாளர்கள் சினெஸ்தீசியா உள்ளவர்களுக்குக் காட்டியபோது, எப்படிப் படித்தார்களோ அதற்கேற்ப நிறமும் மாறியது. நம் 'உ'வை வைத்து யாராவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கருத்துப்புலப்பாடு' காதுக்கு இனிமைதான், ஆனால் கருத்தை எடுத்துச் சொல்லும் திறனுக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது. 'கருத்துணர்வு' என்றால் கோபமும் சோகமும் நினைவுக்கு வரும். 'கருத்துப்புலன்' ஆறாவதாக ஒரு புலன் இருப்பதுபோல் ஒலிக்கிறது. எனவே 'கருத்துவழிப் புலனுணர்வு' என்கிறேன். நீளம்தான். ஆனால் 'வழி' என்ற ஒரு சொல்லில் எது எதை எழுப்புகிறது என்பது வந்துவிடுகிறது. சினெஸ்தீசியா இதற்கு இணையாக 'இணைபுலனுணர்வு' ஆகட்டும்.

கலை பற்றிய வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். படைப்பு தரும் பொருளும் அது எழுப்பும் புலனுணர்வும் ஈடாக நிற்கும்போதுதான் கலை நிகழ்கிறது என்பது நிகோலிச்சின் கருத்து. "இந்த ஓவியத்தில் கருத்து இருக்கிறது, கருத்துவழிப் புலனுணர்வு எழவில்லை" என்று ஒரு திறனாய்வாளர் எழுதினால் உறுத்தாது.

அப்புறம், ஆளைக் குறிக்க 'இணைபுலனர்' என்ற சொல் வேண்டும். கருத்துவழிப் புலனுணர்வுக்கு அப்படி ஒரு சொல் வேண்டாம். 1929இல் உளவியலாளர் கோலர் காட்டிய கூர்முனை உருவத்துக்கு, பொருளற்ற இரு பெயர்களில் 'டகேட்டே' என்பதைத்தான் பெரும்பாலானோர் தயங்காமல் பொருத்தினார்கள். கருத்துவழிப் புலனுணர்வு அநேகமாக எல்லோரிடமும் இருக்கிறது.