தாழ்தள பஸ்ஸும் நம் சென்னை ஸ்டாப்பிங்குகளும்

சென்னையில் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்தபோது எங்கள் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டது அம்மாதான். முட்டி வலியால் பழைய பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல், பஸ்ஸில் போவதையே விட்டிருந்தார். இதில் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர்தான். ஸ்டாப்பிங்கில் டிரைவர் பட்டனை அழுத்தினால் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கிறது. கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறிவிடுகிறார். 2025 ஜூனில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து கிளம்பிய 120 மின்சார பஸ்களும் தாழ்தளம்தான். மாற்றுத்திறனாளிகளுக்காகத் தாழ்தள பஸ் கேட்டு உயர் நீதிமன்றத்தில் பல வருடம் வழக்கு நடத்தியவர்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் போன மாதம் அடையாறு பக்கம் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஸ்டாப்பிங்கில் ஒரு தம்பி வீல்சேரில் காத்திருந்தார். நிழற்குடைக்கு முன்னால் வரிசையாக பைக்குகள், அடுத்து சவாரிக்கு நிற்கும் ஆட்டோக்கள். ஓரம் கட்ட இடமில்லாமல் பஸ் நடுரோட்டில் நின்றது. நடைபாதையில் சரிவு கிடையாது. அவரை ரோட்டுக்கு இறக்கவே இரண்டு பேர் பிடித்தோம். கண்டக்டர் நடுக்கதவில் மடித்திருந்த பலகையை எடுத்துப் போட்டார். ரோட்டில் அது நெட்டுக்குத்தாக நின்றது. பின்னால் ஹாரன் சத்தம். தள்ளித்தான் ஏற்றினோம். "யார் தயவும் இல்லாம போகலாம்னுதாண்ணா வந்தேன்" என்றார்.

டிரைவர், கண்டக்டர் இருவரும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். கோளாறு பஸ்ஸில் இல்லை. பஸ் இறங்கிக் கொடுப்பதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலும், 150 மில்லிமீட்டர் உயர நடைபாதையை ஒட்டி பஸ் நின்றால் பலகை ஏற வேண்டிய உயரம் 250தான். ரோட்டிலிருந்து ஏறினால் முழு 400. அந்தச் சரிவில் யாரும் தன் கையால் சக்கரத்தை உருட்டி ஏற முடியாது. அம்மாவுக்கும் அதே கதைதான், நடைபாதையிலிருந்து இறங்கும்போதே முட்டி பிடித்துக்கொள்கிறது.

போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகச் சென்னை மாநகராட்சி 2014லேயே கொள்கை வகுத்தது. கோடிக்கணக்கில் பஸ் வாங்கும்போது ஸ்டாப்பிங்கையும் அந்த நடைபாதை வேலையோடு சேர்த்தே முடிக்க வேண்டாமா?

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கிறோம்: நிழற்குடைக்கு முன்னால் பஸ் வந்து ஒட்டி நிற்கிற நீளத்துக்கு வண்டி நிறுத்தத் தடை, நடைபாதையின் இரு முனையிலும் சரிவு. உங்கள் பகுதியில் பஸ் நடைபாதையை ஒட்டி நிற்கிற ஸ்டாப்பிங் இருந்தால் சொல்லுங்கள், போட்டோ எடுத்து மனுவோடு இணைக்கிறோம்.