பாட்டில் பேசுவது யார்? ஏழாம் வகுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

மேலூர் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புக்காகக் கவிதையின் அடிப்படை உறுப்புகளை இரு மொழியிலும் ஒரு பயிற்சித்தாளாகத் தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அடி, எதுகை, இயைபு, உவமை எல்லாம் கைவசம் இருக்கின்றன. பாட்டுக்குள் ‘நான்’ என்று பேசும் ஆளை ஆங்கிலப் பாடத்தில் ‘ஸ்பீக்கர்’ என்கிறார்களே, அதற்குத்தான் சொல் அகப்படவில்லை. “கல்யாண வீட்டு ஸ்பீக்கரா டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போன மாதம் கபிலர் எழுதிய குறுந்தொகை 25 நடத்தினேன். அவன் என்னை மணந்தபோது ஆரல்மீனைப் பார்த்து நின்ற குருகுப் பறவையைத் தவிர அங்கே யாருமில்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி சொல்லும் பாட்டு. ஒரு பையன் தேர்வில், “கபிலரை ஒருவன் ஏமாற்றிவிட்டான்” என்று எழுதியிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை. சொல் கொடுக்காதது நான்தான்.

திருப்பரங்குன்றம் புலவர்:
அம்மா, சொல்லா இல்லை? தொல்காப்பியர் செய்யுளியலில் அடுக்கும் 34 உறுப்புகளில் கூற்றும் உண்டு, கேட்போரும் உண்டு. காதல் பாட்டுகளை வரிசையாகக் கோத்த கோவை நூல்களைப் பாடியவர்கள், புகழப்படும் பாட்டுடைத் தலைவன் வேறு, பாட்டுக்குள் காதலனாக வரும் கிளவித் தலைவன் வேறு என்று பிரித்தே வைத்தார்கள். கிளவி என்றால் பேச்சு. ‘கூற்றாளர்’ என்று போடுங்கள். கூறு என்றால் பகுத்தல். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு போட்டு வைக்கிறார்களே, அதே வேர். எண்ணத்தைப் பகுத்து வைப்பதால் பேச்சு கூற்று. உடலையும் உயிரையும் பிரிப்பதால் எமனும் கூற்று. அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்று சிலம்பு சொன்னது நம் மதுரையில் நடந்ததை வைத்துத்தானே!

தல்லாகுளம் மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வேர் சரி. ஆனால் ‘கூற்றாளர்’ என்று பலகையில் எழுதினால் கடைசி பெஞ்சில் ‘குற்றவாளி’ என்று படிப்பார்கள். கிளவியும் நம் பக்கம் ஆகாது. ழகரத்தை ளகரமாகச் சொல்லும் பிள்ளைகளுக்குக் கிளவி என்றால் பாட்டிதான். ‘கதைசொல்லி’ நிலைத்துவிட்டது. அதே அச்சில் ‘கவிசொல்லி’ என்று வைக்கலாமே?

மேலூர் ஆசிரியை:
கவி சொல்பவர் என்றால் மறுபடியும் கபிலர்தானே வந்து நிற்பார்? இன்று பலகையில் ‘பாட்டில் பேசுபவர்’ என்று எழுதிப் போட்டேன். அந்தப் பையனே எழுந்து, “அப்ப எழுதுனது கபிலர், பேசுறது அந்த அக்கா” என்றான். எனக்கு அது போதும்.

வாடிப்பட்டி அன்பர்:
எனக்கும் ‘பேசுபவர்’ சம்மதம். ஆனால் மழையோ மரமோ பேசும் பாட்டு வந்தால் இடிக்கும். ‘பேசும் குரல்’ என்றால் எதற்கும் பொருந்தும்.

தல்லாகுளம் மொழிபெயர்ப்பாளர்:
குரல் என்றால் அச்சில் குறள் ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது. சரி, ‘பேசுபவர்’ என்றே இருக்கட்டும்.

திருப்பரங்குன்றம் புலவர்:
‘பேசுபவர்’ விளக்கம், கலைச்சொல் ஆகாது. மேடையில் பேசுபவரும் பேசுபவர்தானே? எல்லாரும் சொல்வதால் வழிவிடுகிறேன், ஒப்பவில்லை. பெரிய வகுப்புக்குப் போனதும், காதலைப் பாடும் அகப்பாட்டின் தலையில் ‘தலைவி கூற்று’ என்று இருப்பதை இந்தப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்தச் சொல் அவர்களுக்குப் புதிதாக இருக்கக் கூடாது, அம்மா.

மேலூர் ஆசிரியை:
அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன், ஐயா. தலைப்பில் ‘பேசுபவர்’, கீழே சின்ன எழுத்தில் ‘கூற்று’. மழை பேசும் பாட்டை மட்டும் இந்தத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த தாளுக்குள் அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.