நடக்க முடியாதவங்கள தீயில இருந்து வெளிய கொண்டு வந்த அனுபவம் இருக்கவங்க எழுதுங்க

காரைக்குடி ஸ்டாஃப் நர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரிலயோ வீட்லயோ முதியோர் இல்லத்துலயோ ஆள் பாக்குறவங்க, தீ புடிச்சப்ப என்ன பண்ணீங்கன்னு எழுதுங்க, அடுத்தவங்களுக்கு ஒதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

நைட் டியூட்டி, ரெண்டாவது மாடில பெட்ஷீட் அடுக்கி வைக்கிற ரூம்ல ஒயர் கருகி துணில புடிச்சிருச்சு. நெருப்பு கொஞ்சந்தான், ஆனா புகை இருக்கே, காரிடார் லைட்டே தெரியல. உள்ள ஆள் இல்லன்னு பாத்துட்டு கதவ இழுத்து சாத்தினேன், இன்னொரு சிஸ்டர் அலாரத்த அமுக்கிட்டு 101க்கு அடிச்சா, வார்டு பாய் அண்ணன் அந்தப் பக்கத்து மெயின ஆஃப் பண்ணாரு. நாங்க யாரையும் கீழ எறக்கல. அதே மாடில ஃபயர் டோர் தாண்டி அந்தப் பக்க வார்டுக்குத் தள்ளிட்டோம், கதவு சாத்தியிருந்தா அங்க புகை வர நேரமாகும். படி வழியா எறக்குறது அந்த இடமும் தாங்காதுன்னு தெரிஞ்சாத்தான்.

சண்டை வந்தது யார முதல்ல கொண்டு போறதுங்கறதுல. புகைக்கு ஒட்டி இருந்த பெட்டுக்காரங்கள முதல்ல இழுத்தோம், அப்புறம் நடக்க முடிஞ்சவங்க, அப்புறம் வீல்சேர், படுத்த படுக்கையா இருக்கவங்க கடைசி. ஒரு ஐயாவோட மகன் என் கையப் புடிச்சிட்டு "முடியாதவர ஏம்மா கடைசில வைக்கிறீங்க"ன்னு அழுறாரு. பெத்த அப்பா, கேக்கத்தான் செய்வாரு. ஆனா ஒருத்தர தூக்க நாலு பேர் வேணும், அந்த நேரத்துல நடக்கிறவங்க அத்தன பேரும் ஒரே ஆள் பின்னாடி போயிருவாங்க, வழி காலியாகும், எங்க கையும் ஃப்ரீயாகும். "அண்ணே நீங்க இந்த ஃபயர் டோர்ல நில்லுங்க, ஆள் உள்ள போனதும் சாத்துங்க"ன்னு ஒரு வேலையக் குடுத்தேன், கடைசில அவரு ஐயாவையும் பத்திரமா கொண்டு வந்துட்டோம். இத அட்மிஷன் அன்னைக்கே கூட இருக்கவங்ககிட்ட சொல்லி வைக்கணும்னு நான் நினைக்கிறேன், நெருப்பு நேரத்துல யாருக்கும் காது கேக்காது.

லிஃப்ட் பக்கம் போகவே போகாதீங்க. 2024 டிசம்பர்ல திண்டுக்கல்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி தீப்புடிச்சப்ப லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க மூச்சுத் திணறித்தான் இறந்தாங்க. கொல்கத்தா AMRI ஆஸ்பத்திரில 2011 டிசம்பர் 9ல தீ புடிச்சது பேஸ்மென்ட்ல, இறந்த சுமார் 90 பேர்ல முக்காவாசிப் பேர் மேல வார்டுகள்ல படுத்திருந்தவங்க, அதுவும் புகையில.

பள்ளத்தூர் வீட்டு அட்டெண்டர்:

அக்கா எனக்கு ஃபயர் டோரும் இல்ல, நாலு பேரும் இல்ல. பெரிய வீட்ல ஐயா, ஆச்சி, நானு, ராத்திரிக்கு ஒரு வாட்ச்மேன் அண்ணன், பிள்ளைகள்லாம் சிங்கப்பூர்ல. அப்ப ஆச்சிக்கு இடுப்பு எலும்பு ஒடைஞ்சு படுக்கை. ஒரு நாள் சாயங்காலம் இரண்டாம் கட்டுல இன்வெர்ட்டர்ல இருந்து கருகுன வாடை, பாத்தா புகை குபுகுபுன்னு வருது. வீல்சேர் பிரயோஜனமே இல்லக்கா, நம்ம வீடுகள்ல ரூமுக்கு ரூம் நிலைப்படி ஒசரமா இருக்கும், சக்கரம் தாண்டாது. ஆச்சிய ஒரு பக்கமா புரட்டி கனமான போர்வைய அடில குடுத்து, மெதுவா தரைக்கு எறக்கி, தலைப் பக்கத்துப் போர்வைய சுருட்டிப் புடிச்சு, தலை தரைல படாம லேசா தூக்குனாப்புல இழுத்தேன். ஆத்தங்குடிக் கல்லு தரை, வழவழன்னு போயிருச்சு, நிலைப்படில மட்டும் வாட்ச்மேன் அண்ணன் கால் பக்கம் தூக்குனாரு. வளவுக்கு, அதான் வீட்டு நடுவுல மேல தொறந்திருக்க முற்றத்துக்கு, வந்ததும் மூச்சு விட முடிஞ்சுச்சு, புகை மேல வானத்துக்குப் போயிருது. அங்கயும் நிக்காம முகப்பு தாண்டி தெருவுக்கே போயிட்டோம். ஐயா பின்னாடியே நடந்து வந்துட்டாரு.

இப்ப ஐயாவுக்கு ஆக்சிஜன் மிஷின் வச்சிருக்கோம், அதுல ஒண்ணு சொல்லணும். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்தே ஆகணும்னு ஐயா ஒத்தக்கால்ல நின்னாரு. இழைன்னா மாவுல நூல் திரி வச்சு ஏத்துறது, நகரத்தார் வீட்டு வழக்கம். எரியிற இழைய அப்படியே வாயில போட்டுக்கணும், மூக்குல ஆக்சிஜன் ட்யூப வச்சுக்கிட்டு எப்படி? ட்யூப கழட்டுனா மட்டும் போதாது, சட்டை, துண்டு, மெத்தை எல்லாத்துலயும் ஆக்சிஜன் ஊறி இருக்கும், மிஷின நிறுத்தி 20 நிமிஷமாவது காத்தோட்டமா விடணும்னு நர்ஸ் சொன்னாங்க. அவ்வளவு நேரம் ஐயா தாங்க மாட்டாரு. ஆச்சி இப்ப நடக்கிறாங்க, அதனால அவங்க சாமி வீட்ல இழை எடுத்துட்டு, ஐயாவோடத நல்லா அணைச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க, அவரும் கும்பிட்டு வாங்கிக்கிட்டாரு. சாம்பிராணி, கொசுவத்தி, விளக்கு எதுவும் அந்த ரூமுக்குள்ள கிடையாது. ஒதட்டுல வாஸ்லின் தடவுறதையும் விட்டாச்சு, அந்த மாதிரி எண்ணெய்ப் பசை ஆக்சிஜனோட சேந்தா நெருப்பு சட்டுனு புடிக்கும்.

தேவகோட்டை, தீயணைப்புல ரிட்டையர் ஆனவன்:

தங்கச்சி ரொம்ப சரியா பண்ணியிருக்கீங்க. ரெண்டு மூணு விஷயம் சேத்துக்கறேன். இப்ப நெறய வீட்ல வளவு மேல ஷீட் போட்டு மூடிட்டாங்க, அங்க புகை வெளிய போகாது, உள்ளயே சுத்தும், அந்த வீடுகள்ல வளவு பாதுகாப்புன்னு நினைக்க வேணாம். ஃபோன் பண்ணும்போது முகப்பு எந்தத் தெரு, பின்வாசல் எந்தத் தெருன்னு ரெண்டையும் சொல்லுங்க, வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது, வண்டி தப்பான பக்கம் வந்து நின்னா எவ்வளவு நேரம் போகும். படுக்கைல ஆள் இருக்காங்க, எந்த ரூம்னும் சொல்லுங்க. கரண்டு தீல தண்ணி ஊத்தாதீங்க. தீயணைக்கிற சிலிண்டர் இருந்தா அதோட சேஃப்டி பின்ன உருவி, நெருப்போட அடியப் பாத்து, கைப்பிடிய அமுக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி அடிக்கணும், அதுவும் சின்ன தீயா இருந்து உங்க முதுகுக்குப் பின்னாடி வாசல் இருந்தாத்தான்.

ஆள உள்ள வச்சுப் பூட்டுற, கட்டிப் போடுற விஷயத்துலதான் எனக்கு மனசு ஆறாது. 2001 ஆகஸ்ட் 6, நம்ம பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநிலை சரியில்லாதவங்கள சங்கிலில கட்டிப் போட்டிருந்த கொட்டகைல தீ, 28 பேர் போயிட்டாங்க. கையக் கால அசைக்க முடிஞ்சவங்கதான், ஓடியிருப்பாங்க. சுப்ரீம் கோர்ட்டே தானா முன்வந்து எடுத்த வழக்கு அது.

கானாடுகாத்தான் பக்கம், முதியோர் இல்லம்:

அண்ணே நீங்க சொல்றது புரியுது, ஆனா எங்க கஷ்டத்தையும் கேளுங்க. ஞாபக மறதி உள்ளவங்க ராத்திரி கதவத் தொறந்து ரோட்டுக்குப் போயிருறாங்க, பூட்டாம எப்படி விடுறது? ட்ரில் வச்சப்ப ஒரு அப்பத்தா வெளிய வந்துட்டு, பெட்டிய எடுக்கணும்னு மறுபடி உள்ள போயிட்டாங்க. அதுல இருந்து வெளிய வந்தவங்க கூட ஒரு ஆள் நின்னு பேர் சொல்லி எண்ணிக்கிட்டே இருக்கோம். ஒவ்வொரு ரூம் கதவுலயும் கலர் ரிப்பன், பச்சைன்னா நடப்பாங்க, மஞ்சள்னா வீல்சேர், சிவப்புன்னா போர்வைல இழுக்கணும். பூட்டுக்குத்தான் வழி தெரியல.

தேவகோட்டை, தீயணைப்புல ரிட்டையர் ஆனவன்:

உள்பக்கம் பூட்டு வேணாம்மா, ஒசரத்துல ஒரு தாழ்ப்பா போடுங்க, கதவு தொறந்தா அடிக்கிற மாதிரி மணி ஒண்ணு கட்டுங்க. பூட்டித்தான் ஆகணும்னா எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி, ராத்திரி டியூட்டில இருக்க ஒவ்வொருத்தர் கழுத்துலயும் ஒண்ணு. இருட்டுல, லைட்ட அணைச்சிட்டு, அந்தச் சாவிய வச்சு தொறந்து பாக்கச் சொல்லுங்க, இன்னைக்கு ராத்திரியே.