லைன் ஹால் வேலை: மைலுக்கு 62 சென்ட், டபுள்ஸ், இரவு ஓட்டம். ஒத்துக்கொள்ளலாமா?

டல்லாஸ்_மாடசாமி (கேள்வி)

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. கிளாஸ் ஏ லைசென்ஸ் எடுத்து 14 மாதம் ஆகிறது, இதுவரை 53 அடி டிரெய்லர் மட்டும்தான். ஃபெடெக்ஸ் கிரவுண்டுக்கு ஒப்பந்த வண்டி விடும் ஒருவர் லைன் ஹாலுக்குக் கூப்பிடுகிறார். ராத்திரி ஹப்பில் (சரக்குப் பிரிக்கும் மையம்) கிளம்பி, பாதி வழியில் எதிரே வரும் டிரைவரோடு டிரெய்லரை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். போக வர 520 மைல், வாரம் 5 ராத்திரி, மைலுக்கு 62 சென்ட். டே கேப் வண்டி. டபிள்யூ-2வா (சம்பளத் தொழிலாளி) 1099ஆ (தனி ஒப்பந்தக்காரர்) என்று கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறார். டபுள்ஸுக்கு, அதாவது ஒரே வண்டியில் இரண்டு டிரெய்லர் இழுப்பதற்கு, டி எண்டார்ஸ்மென்ட் (லைசென்ஸில் கூடுதல் அனுமதி) எடுக்கச் சொல்கிறார். சம்பளம் நியாயமா? டபுள்ஸ் பழக எவ்வளவு கஷ்டம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

62 சென்ட்டை அப்படியே தூக்கி ஓரமா வைங்க. ஒரு ராத்திரிக்கு 322 டாலர் 40 சென்ட், வாரத்துக்கு 1612. சராசரி 58 மைல் வேகம்னு வச்சாலும் ஸ்டியரிங்ல மட்டும் 9 மணி நேரம். 8 மணி நேர ஓட்டத்துக்கு அப்புறம் 30 நிமிஷ பிரேக் கட்டாயம். ஹப்ல லோடு முடியக் காத்திருக்கணும், ரெண்டு டிரெய்லரைப் பூட்டணும், மாத்துற இடத்துல மறுபடி பூட்டணும், திரும்பி வந்து அவிழ்க்கணும். எல்லாம் சேர்த்தா சுலபமா 12 மணி நேரம். ஓட்டுற நேரத்துக்கு மட்டும் பார்த்தா மணிக்கு 35 டாலருக்கு மேல தெரியும். வேலை நேரம் முழுசுக்கும் பார்த்தா 27கூட வராது. 40 மணிக்கு மேல ஓவர்டைம் கிடைக்கும்னு கணக்குப் போடாதீங்க, மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்கு ஓட்டுற டிரைவருக்கு மத்திய ஓவர்டைம் சட்டத்துல விலக்கு இருக்கு.

அதனால அவர்கிட்ட கேட்க வேண்டியது இதுதான்: பூட்டி அவிழ்க்கத் தனிப் பணம் உண்டா? எதிர் வண்டி லேட்டானா எத்தனை நிமிஷத்துக்கு அப்புறம் காத்திருப்புக் காசு? ரன் ரத்தானா அன்னைக்கு என்ன? நடு ரோட்டுல 14 மணி நேரக் கடிகாரம் (வேலை தொடங்கினதுல இருந்து வண்டி ஓட்டக்கூடிய நேர வரம்பு) முடிஞ்சு 10 மணி நேரம் படுக்க வேண்டி வந்தா, டே கேப்ல படுக்கை கிடையாது, லாட்ஜ் வாடகை யாரு தர்றது? எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க.

"உங்க இஷ்டம்"னு சொன்னாரே, அங்கதான் உஷாரா இருக்கணும். வண்டி அவருது, ரூட்டு அவருது, நேரம் அவருது. அப்போ நீங்க தொழிலாளி, அதுல இஷ்டம்னு ஒண்ணும் கிடையாது. 1099ல போனா சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்ல முதலாளி கட்ட வேண்டிய 7.65 சதவீதமும் உங்க தலையில விழும், 1612க்கு வாரம் சுமார் 120 டாலர். வேலை போனா அன்எம்ப்ளாய்மென்ட் உதவித்தொகையும் கிடைக்காது. டெக்சாஸ்ல தனியார் முதலாளி வொர்க்கர்ஸ் காம்ப் (வேலையில அடிபட்டா உதவுற காப்பீடு) எடுத்தே ஆகணும்னு சட்டம் இல்லை, அதையும் தனியா கேளுங்க. டாலி (ரெண்டு டிரெய்லரையும் இணைக்கிற சக்கர வண்டி) இழுக்கிற வேலையில முதுகு போனா தெரியும்.

பின்டில்_ஹூக்

சம்பளக் கணக்கு சரி. நான் டபுள்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். டி எண்டார்ஸ்மென்ட்டுக்கு எழுத்துத் தேர்வு மட்டும்தான், ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அதுதான் ஆபத்தே. காகிதம் ஒரு மதியத்தில் கிடைத்துவிடும், கை பழகுவதற்கு நாளாகும். முதல் சில ராத்திரி கூட ஆள் அனுப்புவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

28 அடி டிரெய்லர் இரண்டு. கனமானது முன்னால், லேசானது பின்னால். இதை மாற்றிப் போட்டால் பின்னது சாட்டை நுனி மாதிரி வீசும். பின் டிரெய்லரின் பிரேக்கைப் போட்டு, டாலியை அதன் மூக்குக்கு நேராக நிறுத்த வேண்டும். டாலி ஒரு டன்னுக்கு மேல் கனம், அதைக் கையால் தள்ளி வீரம் காட்ட வேண்டாம்.

முன் டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்து டாலியின் வளையத்தை அதன் பின்புறக் கொக்கியான பின்டில் ஹூக்கில் மாட்டி, கொக்கியைப் பூட்டி, பாதுகாப்புச் சங்கிலிகளை மாட்டி, டாலியின் காலை மேலே தூக்குங்கள். பின் டிரெய்லரின் மூக்கு, டாலியின் ஃபிஃப்த் வீல் (டிரெய்லர் உட்காரும் தட்டு) நடுவைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், டாலி நுழையும்போது லேசாகத் தூக்கிக்கொள்ளும். உயரமாக இருந்தால் கிங்பின் (டிரெய்லருக்கு அடியில் உள்ள இணைப்பு ஆணி) மேலேயே ஏறி நின்றுவிடும், பூட்டியது போலத் தெரியும், பூட்டியிருக்காது. டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள்: ஃபிஃப்த் வீலின் தாடை கிங்பின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும், தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. பிறகு முன்னுக்கு இழுத்துப் பார்த்து, லேண்டிங் கியரை (டிரெய்லரைத் தாங்கும் கால்கள்) முழுக்க ஏற்றுங்கள்.

புதியவர்கள் தவறவிடுவது காற்று. முன் டிரெய்லரின் பின்பக்க வால்வுகள் திறந்திருக்க வேண்டும், பின் டிரெய்லரின் பின்பக்க வால்வுகள் மூடியிருக்க வேண்டும். முன்னது மூடியிருந்தால் பின் டிரெய்லருக்குக் காற்றே போகாது. ஸ்பிரிங் பிரேக் (காற்றில்லாவிட்டால் தானே பிடிக்கும் பிரேக்) உள்ளதானால் நகராமல் நின்று காட்டிக்கொடுக்கும். சர்வீஸ் லைன் (மிதிக்கும் பிரேக்குக்கான காற்றுக் குழாய்) வால்வு மட்டும் மூடியிருந்தாலோ வண்டி சமத்தாக உருளும், மிதித்தால் பின்னது நிற்காது. அதனால் டிரெய்லர் ஏர் நாப்பை அழுத்திவிட்டு, கடைசி வரை நடந்து போய், சிவப்பு லைன் (காற்று சப்ளை) வால்வைத் திறந்து சீறல் கேட்கிறதா பார்த்து மூடுங்கள். பிறகு கை பிரேக்கைப் போட்டுவிட்டு நீல (சர்வீஸ்) லைனுக்கும் அதே சோதனை. இரண்டு முறை நடக்கச் சோம்பல்பட்டால் பலன் இறக்கத்தில் தெரியும்.

அவிழ்க்கும்போது ஒன்று: டாலி பின் டிரெய்லருக்கு அடியில் இருக்கும்போது பின்டில் ஹூக்கைத் திறக்கவே கூடாது. டாலியின் கம்பி மேலே எகிறும். முகத்தில் அடித்தால் பல்லோடு போகாது.

டல்லாஸ்_மாடசாமி

ரொம்ப நன்றி. வழி தவறினால் ரிவர்ஸ் எடுக்க முடியுமா? பீக் சீசனில் ஆறாவது ராத்திரியும் வரச் சொல்கிறார்.

பின்டில்_ஹூக்

சில அடி நேராகத் தள்ளலாம், அதற்கு மேல் டாலி மடங்கிவிடும். முட்டுச்சந்தில் மாட்டினால் ரோட்டிலேயே அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வழி. பெட்ரோல் பங்க்கில் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் இடம் மட்டும்.

லாக்புக் லட்சுமி

ஆறாவது ராத்திரிக்குப் பதில் கணக்கிலேயே இருக்கு. 12 மணி நேரம் வீதம் 6 ராத்திரின்னா 72. எட்டு நாளில் 70 தொட்டதும் வண்டி எடுக்க முடியாது. காத்திருந்த நேரத்தை லாக்கில் (வேலை நேரப் பதிவு) "ஆஃப் டியூட்டி"ன்னு போடச் சொல்லி 70க்குள் அடக்கப் பார்ப்பாங்க. வண்டிக்குப் பொறுப்பா நின்னு காத்திருந்தா அது டியூட்டிதான். முறையா 34 மணி நேரம் லீவு எடுத்தா கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துடும்.

பனி, விபத்துன்னு எதிர்பாராம மாட்டினா 2 மணி நேரம் கூடுதலா ஓட்ட விதி இருக்கு. ஆனா கிளம்பும்போதே தெரிஞ்சிருந்த மழைக்கு அது செல்லாது, எதிர் டிரைவர் தூங்கிப்போனதுக்கும் செல்லாது.

மாநிலத்துல கஞ்சா சட்டப்படி சரின்னாலும் சிடிஎல்லுக்கு (வணிக வாகன லைசென்ஸ்) சரியில்லை. போதைமருந்து டெஸ்ட்ல தோத்தா கிளியரிங்ஹவுஸ்ல (டிரைவர்களோட போதைமருந்து மீறல்களை வைக்கிற மத்திய அரசுப் பதிவேடு) ஏறும், 2024 நவம்பர் 18லிருந்து மாநிலமே சிடிஎல்லைப் பறிச்சுடும். எச் எண்டார்ஸ்மென்ட்டும் சேர்த்துக் கேட்பாங்க, பார்சலுக்குள்ள ஹாஸ்மட் (ஆபத்தான பொருட்கள்) நிறைய வரும். அதுக்குக் கைரேகை, டிஎஸ்ஏ (மத்திய போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) சோதனை எல்லாம் உண்டு, நாளாகும். இன்னைக்கே விண்ணப்பிச்சுடுங்க, டி தேர்வையும் அதே நாள்ல எழுதிடலாம்.